பயத்துக்கு ஒரு டயர்

காலையில் கீழ்வீட்டு அண்ணன் வந்து கதவைத் தட்டுவார். நான் திறந்ததும் ஒரு கிண்ணத்தை என் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

"தங்கச்சி, நேத்து வெச்ச சாம்பாரு. இத்த பாத்தா உனக்கு பயமா கீதா?"

நான் முகர்ந்து பார்ப்பேன். "கொட்டிடுங்கண்ணா" என்பேன். பெரும்பாலும் அதைத்தான் சொல்வேன். மறுபேச்சு பேசாமல் படியிறங்கிப் போய்க் கொட்டிவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து, அது கெட்டே இருக்காதோ, பாவம் மனிதர் காலையில் எதைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவாரோ என்று எனக்கு உறுத்த ஆரம்பிக்கும். அவர் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. என்னிடம் ஏன் என்று கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெருவில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு. நாங்கள் முதல் மாடி. அவர் கீழே, வண்டி நிறுத்தும் இடத்தை ஒட்டிய சின்ன வீட்டில் தனியாக இருந்தார். நாற்பது வயது இருக்கும். என் கணவர் வேலை பார்க்கும் மறைமலைநகர்த் தொழிற்சாலையில்தான் அவருக்கும் வேலை. ஒரே ஷிப்ட். அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்துதான் என் கணவர் போய் வந்துகொண்டிருந்தார். இப்போது அந்த அண்ணன் இந்த ஊரில் இல்லை. ஓசூர்ப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். நான் சொல்வது என் மகள் நடக்கப் பழகி, எல்லாவற்றின் மேலும் ஏறத் தொடங்கியிருந்த காலம்.

அவருக்குப் பயம் வராது. அவரைத் தைரியசாலி என்று நான் சொல்லமாட்டேன். தைரியசாலிக்கும் பயம் வரும், அவர் அதை அடக்கிக்கொள்வார். இவருக்கு அது பிறவியிலேயே இல்லை. சிலருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரியுமாமே, அந்த மாதிரி ஒரு குறை.

குடிவந்த புதிதில் ஒருநாள் மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனேன். தண்ணீர்த் தொட்டியைக் கழுவிய களைப்பில் அவர் கைப்பிடிச் சுவரின் மேல் உட்கார்ந்திருந்தார். கால்கள் இரண்டும் தெருப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தன. கையில் டீ. நான் அலறிய அலறலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "இன்னாம்மா? வுழுந்துடுவேன்றியா?"

"ஆமாண்ணா! இறங்குங்க!"

"அப்டியா." கீழே ஒருமுறை எட்டிப் பார்த்தார். கணக்குப் போடுவது போல் யோசித்தார். பிறகு உள்பக்கம் இறங்கி வந்து, "தேங்க்ஸ்மா" என்றார். கிண்டல் இல்லை. வழி சொன்னவருக்கு நன்றி சொல்வது மாதிரி சொன்னார்.

அன்றைக்கே அவருக்கு என்னைப் பிடித்துப்போயிருக்க வேண்டும். என்னைப் பற்றி அதற்குள் அவருக்குத் தெரிந்திருக்கும். திராட்சையை நாலாக வெட்டி மகளுக்குக் கொடுப்பவள், கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வருபவள் என்று என் கணவர் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். மாமியார் வந்தால், "இப்படிப் பயந்தா புள்ள எப்படி வளரும்?" என்பார். நான் எம்.எஸ்சி. படித்தவள். என் பயத்தில் பாதிக்கு மேல் அர்த்தமில்லை என்று எனக்கும் தெரியும். எந்தப் பாதி என்பதுதான் தெரியாது.

அவர் மட்டும் என் பயத்தை ஒரு கருவியைப் போல நடத்தினார். பார்க்கிங்கில் ஒரு பாம்பு வந்தபோது எல்லாரும் அவரைக் கூப்பிட, அவர் குச்சியைக்கூட எடுக்காமல் முதலில் மாடியைப் பார்த்துக் கத்தினார்: "தங்கச்சி, கைல புடிக்கலாமா, வாணாமா?" வேண்டாம் என்று கத்தினேன். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். காய்ச்சல் வந்தால், "டாக்டராண்ட போவணுமா?" என்று என்னைக் கேட்பார். சுவிட்ச் போர்டில் பொறி பறந்தால், "இது பயப்பட வேண்டிய பொறியா, சும்மா பொறியா?" என்பார்.

ஒருமுறை கேட்டேன், "ஏண்ணா என்கிட்டயே கேக்குறீங்க?"

"எங்கம்மா இருந்தவரிக்கும் எனக்கும் சேத்து அதுவே பயந்துக்கும்மா. எங்க போனாலும், 'டேய், பாத்துடா'ன்னு ஒரு சத்தம் குடுக்கும். அது போனதுக்கப்பால சத்தமே இல்ல. எது குழி, எது ரோடுன்னு தெரில." முழங்கையைத் திருப்பிக் காட்டினார். தொழிற்சாலையில் பட்ட பழைய தீக்காயம். "இது அது போன அடுத்த மாசம். சூடா இருக்கும்னு தெரியும். ஆனா உள்ள ஒண்ணும் சொல்லல."

என் கணவர் சிரித்தார். "மச்சான், உனக்கு வேணும்னா இவ பயத்த மூட்ட கட்டித் தரேன், தூக்கிட்டுப் போ."

"குடு மாப்ள. வேஸ்ட் பண்றியே" என்றார் அவர்.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காட்டாங்குளத்தூரில் படிப்பை முடித்துவிட்டு ஊருக்குப் போன ஒரு மாணவரிடமிருந்து அவர் அதை வாங்கியிருந்தார். வெட்டுக்கிளி போல உயரமாக, ஒல்லியாக இருக்கும். மண்ணிலும் மேட்டிலும் குதித்து ஓடுவதற்கென்று செய்த வண்டிக்குச் சின்னச் சக்கரமும் தார்ரோட்டு டயரும் மாட்டியது. இதற்கு சூப்பர்மோட்டோ என்று பெயராம். வளைவில் படுத்து எழுந்திருக்கும். அதன் பின்னால், முதுகில் டிபன் பையோடு, என் பிள்ளைக்கு அப்பா.

மகளின் பந்து ஒருநாள் அந்த வண்டிக்கு அடியில் உருண்டது. எடுக்கக் குனிந்தபோது பின்சக்கரத்தில் என் கை பட்டது. திருப்பதிக்குப் போய் வந்த தலை மாதிரி வழவழவென்று இருந்தது. கோடு ஒன்றுகூட இல்லை. மழைக்காலம் வந்துகொண்டிருந்தது. ஜிஎஸ்டி ரோட்டில் இரண்டு பக்கமும் லாரிகளும் பஸ்களும் போக, அந்த வழவழப்பின் மேல்தான் என் கணவர் தினமும் போய் வருகிறார் என்று அப்போதுதான் உறைத்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பந்தைக் கேட்டு மகள் என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

கணவரிடம் சொன்னேன். "ஒண்ணும் ஆகாது" என்றார். கீழே போய் அவரிடம் சொன்னேன். உடனே சட்டையை மாட்டினார்.

"வா, கடைக்கு போலாம். நீயே எட்து குடு."

"எனக்கு டயரைப் பத்தி என்னண்ணா தெரியும்?"

"நான் எட்தா வேகத்துக்கு எடுப்பேன். உம் புருசன் எட்தான்னா வெலைக்கு எடுப்பான். பயத்துக்கு எடுக்க நீதான் கீற."

உடனே போகவில்லை. எனக்கு அவகாசம் வேண்டும் என்றேன். மகள் தூங்கும் மதிய நேரங்களில் செல்போனில் தேடித் தேடிப் படித்தேன். ஒருவர் ஆகா என்று புகழும் டயரை அடுத்தவர் வழுக்கி விழுந்த படத்தோடு திட்டியிருந்தார். ஒரு முடிவுக்கு வந்து, மகள் விழித்ததும் அந்த முடிவை மாற்றிக்கொண்டேன். பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை.

மேற்குத் தாம்பரத்தில் கடை. கடைக்காரரை அவர் பாய் என்று கூப்பிட்டார். பழைய பழக்கம் போலிருந்தது. நானும் மகளும் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினோம். பாய் மூன்று விதமான டயர்களை வரிசையாகச் சாய்த்து வைத்தார்.

"இது பாருங்க அண்ணே, உங்க வண்டிக்குன்னே பொறந்தது. ரப்பரு அல்வா மாரி. சூடாச்சுன்னா ரோட்ட அப்டியே கவ்வும்."

முதல் டயரில் கோடுகள் பேருக்குத்தான் இருந்தன. நகத்தால் அழுத்திப் பார்த்தேன். இறங்கியது.

"சூடாகலைன்னா?" என்று கேட்டேன்.

பாய் அப்போதுதான் என்னைப் பார்த்தார். "ஓட்டுனா சூடாவும்மா."

"மழையில? மெதுவா போனா? டிராஃபிக்ல நின்னு நின்னு போனா?"

"மழைல... மழைல கொஞ்சம் பாத்துதான் போவணும்."

"இவரு பாக்கமாட்டாரு" என்றேன்.

அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். "ஆமா பாய். நான் பாக்கமாட்டேன்."

இரண்டாவது டயரில் கட்டை கட்டையாகப் பற்கள் இருந்தன. மண்ணுக்கு நல்லது, குண்டும் குழியுமான ரோட்டுக்கு நல்லது, தாரில் வேகமாகப் போனால் கொஞ்சம் ஆடும் என்றார் பாய். 'கொஞ்சம்' என்ற சொல்லிலேயே அது எனக்கு வேண்டாம் என்று ஆகிவிட்டது. மூன்றாவதில் ஆழமான பள்ளக்கோடுகள் நடுவிலிருந்து இருபுறமும் ஓடின. தண்ணீரை வெளியே தள்ளும், ரப்பர் கொஞ்சம் கெட்டி, பின்னால் ஆள் உட்கார்ந்தாலும் தாங்கும், ஆனால் வளைவில் படுத்து ஓட்டுபவர்களுக்குப் பிடிக்காது என்றார். டயரின் பக்கவாட்டில் அது செய்யப்பட்ட வாரமும் வருடமும் பொறித்திருக்கும் என்று படித்திருந்தேன். தேடிப் பிடித்து, புதுச் சரக்குதான் என்று உறுதி செய்துகொண்டேன்.

"மேடம் ஆர்டிஓ ஆபீஸா?" என்றார் பாய்.

"இல்ல பாய், அம்மா" என்றார் அவர்.

மூன்றாவதைக் காட்டினேன். பாய்க்கு வருத்தமாகிவிட்டது. "அண்ணே, இந்த வண்டிக்கு இதுவா? சிங்கத்துக்கு ரப்பர் செருப்பு மாட்டுனாப்ல இருக்கும்ணே."

"சிங்கம் வழுக்கி வுழுந்தா அசிங்கம் பாய். தங்கச்சி சொன்னத மாட்டு."

மாட்டி முடித்ததும் பாய் ஒன்று சொன்னார். புது டயரின் மேல் வழவழப்பாக ஒரு படலம் இருக்குமாம். கொஞ்சநாள் ஓடித் தேய்ந்தால்தான் பிடிமானம் முழுசாக வருமாம். அதுவரை மெதுவாக ஓட்டச் சொன்னார். அத்தனை நாள் படித்ததில் இது என் கண்ணில் படவில்லை. மொட்டை டயர் வழுக்குகிறது என்று புது டயர் வாங்கினால், அதுவும் முதலில் வழுக்குமாம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மெதுவான்னா எவ்ளோ மெதுவா?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"சைக்கிள் மாதிரிண்ணா."

மறுநாளிலிருந்து சைக்கிள் மாதிரியே போனார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே கொல்கிறார்கள் என்று என் கணவர் புலம்பினார். ஆனால் என் பயம் குறையவில்லை, வேறுமாதிரி ஆனது. முன்பெல்லாம் ஏதாவது நடந்தால் அது ரோட்டின் குற்றம், லாரிக்காரன் குற்றம். இனி அது என் டயர். சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டதும் இறங்கி ஓடுவேன். கணவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் சக்கரத்தைப் பார்ப்பேன்.

அந்த வாரமே ஆயுதபூஜை வந்தது.

எங்கள் குடியிருப்பில் அன்று எல்லா வண்டிகளையும் கீழே வரிசையாக நிறுத்திக் கழுவுவார்கள். சந்தனம், குங்குமம், மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பூஜை முடிந்ததும் பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பும். பிள்ளைகளை முன்னால் வைத்துத் தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு வருவார்கள். பிள்ளைகளுக்குப் பொரியைவிட அந்த ரவுண்டுதான் பெரிது.

தினமும் தன்னைச் சுமந்துபோகும் வண்டி என்று அவருடைய வண்டியையும் என் கணவரே கழுவினார். புது டயருக்கு முதல் பூஜை, மின்ன வேண்டாமா? டயர் பாலிஷ் ஒரு பாட்டில் வாங்கி வந்திருந்தார். சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றித் துணியால் தேய்த்தார். பக்கவாட்டில் மட்டும் பூச வேண்டியதை, ரோட்டில் படும் பாகத்திலும், பள்ளக்கோடுகளுக்குள்ளும் பூசியிருக்கிறார். நான் மாடியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

நான் கீழே வந்தபோது கற்பூரம் காட்டி முடித்திருந்தார்கள். அவர் வண்டியில் உட்கார்ந்திருந்தார். என் கணவர் மகளைத் தூக்கி அவருக்கு முன்னால், பெட்ரோல் டேங்கின் மேல் உட்காரவைத்தார். பட்டுப்பாவாடை காற்றில் விரிய, அவள் இரண்டு கைகளாலும் டேங்கைத் தட்டிக்கொண்டு, "போ! போ!" என்றாள்.

அவர் இன்ஜினைக் கிளப்பினார். பிறகு என்னைத் தேடினார். "தங்கச்சி, போலாமா?"

"அவகிட்ட ஏன் கேக்குற மச்சான்? பால் பொங்குனாலே அவ பயப்படுவா. நீ எடு" என்றார் என் கணவர்.

"நல்ல நாளும் அதுவுமா குழந்தைய அழவைக்காதம்மா" என்றார் மாமியார்.

குடியிருப்பே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான், "வேண்டாம்ணா" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. மகளை அப்படியே தூக்கி என் கையில் கொடுத்தார். அவள் உடம்பை வில்லாய் வளைத்து அழுதாள். "பழத்த நசுக்கணுமே, நான் மட்டும் ஒரு ரவுண்டு" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

எலுமிச்சம்பழம் நசுங்கியது. வாசலில் கழுவிவிட்ட தண்ணீர் சரிவில் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டைத் தாண்டி இடதுபக்கம் திருப்பினார். வேகமே இல்லை. வண்டி திரும்பவில்லை. அது பாட்டுக்கு அவருக்கு அடியிலிருந்து விலகிப் போனது. சோப்பு கையிலிருந்து நழுவும் அல்லவா, அவ்வளவு சத்தமில்லாமல். எதிரே தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது. டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றிருப்பார். லாரி கிறீச்சிட்டு நின்றபோது வண்டியின் முன்பாதி அதன் சக்கரத்துக்கு அடியில் இருந்தது. அவர் எதிர்ச்சுவரோரம் கிடந்தார்.

டேங்க் தகர டப்பா மாதிரி நசுங்கியிருந்தது.

மகள் என் இடுப்பில் அழுதுகொண்டிருந்தாள். அவளை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்றால், அவள் தொடையில் என் விரல் தடம் சாயங்காலம் வரை இருந்தது. என் கணவர் ஓடினார். பாதி வழியில் நின்று தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தார். அவை பளபளவென்று இருந்தன. அதற்குப் பிறகு அவர் என்னைக் கேலி செய்ததில்லை. செய்தால் தேவலை என்று எனக்குச் சில நாள் தோன்றும்.

அண்ணனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. தூக்கப் போனவர்களின் கையைத் தட்டிவிட்டு அவர் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார்: "பாப்பா எங்க? பாப்பா எங்க?" அவர்தான் அவளை இறக்கிவிட்டார். அது அவருக்கு ஞாபகம் வரவில்லை. நான் மகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்த பிறகும் கேட்டார்.

எங்கள் குடியிருப்பில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. டயர் மின்னுவதை நான் பார்த்துவிட்டேன், அதனால்தான் தடுத்தேன் என்கிறார்கள். மாமியார்கூட ஊரில் அப்படித்தான் சொல்கிறார். நான் எதையும் பார்க்கவில்லை. தினமும் எல்லாவற்றுக்கும் சொல்கிற 'வேண்டாம்' அது. அன்று கூட்டத்தின் முன் வெட்கப்பட்டுத் தலையாட்டியிருந்தால் அதற்கும் காரணம் இருந்திருக்காது.

அவர் மாடிக்கு வருவது நின்றது. சாம்பார்க் கிண்ணம் இல்லை, கேள்வி இல்லை. கையில் தொட்டில் கட்டுடன் தெருவில் போவார், வருவார். சுவரை ஒட்டியே நடப்பார். பைக் வந்தால் நின்றுவிடுவார். கட்டுப் பிரித்த பிறகும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனார்கள் இருவரும்.

ஒருநாள் முற்பகலில் கதவு தட்டப்பட்டது. வெறுங்கையோடு நின்றார். இளைத்திருந்தார். உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, இது எப்ப போவும்?"

"எதுண்ணா?"

"இதான்." நெஞ்சுக்குக் கீழே தொட்டுக் காட்டினார். "இங்க ஒண்ணு வந்து குந்திகினு கீது. குக்கர் வுசிலடிச்சா தூக்கிப் போடுது. அடுப்பு பத்தவெக்க கை வரமாட்டேங்குது. கண்ண மூடுனா அந்த டேங்குதான். காலி டேங்க்கு இல்லம்மா." நிறுத்தினார். "பாவாடையோட."

மகள் தரையில்தான் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன்.

"டாக்டரு, சரியாயிடும்ன்றாரு. உம் புருசன், ஒண்ணும் இல்ல மச்சான்றான். உனக்குத்தான் தெரியும். எப்ப போவும்?"

பொய் சொல்லியிருக்கலாம். அவரிடம் நான் பொய் சொன்னதே இல்லை.

"போகாதுண்ணா."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். "உனக்கு டெய்லி இப்டித்தானா?"

"டெய்லி."

"எத்தினி வருசமா?"

"இவ பொறந்ததுலேர்ந்து. அதுக்கு முன்னாடியும் கொஞ்சம் இருந்துது."

அவர் என்னையே பார்த்தார். எங்கள் வீட்டுக்குள் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "இத்த வெச்சிகினா சமைக்கிற? இத்த வெச்சிகினா சிரிக்கிற?"

பால் காய்ச்ச வேண்டும், அவளைக் குளிப்பாட்ட வேண்டும், அதற்குள் பொழுது போய்விடும் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், தரையில் விளையாடிக்கொண்டிருந்த மகள் சோபாவின் கைப்பிடியில் ஏறி, அதன்மேல் நிற்கப் பார்த்தாள். தினமும் ஏறுகிற இடம்தான். உயரமும் இல்லை.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.